நேர்காணலில் தடுமாறும் நம் பட்டதாரிகள்: வகுப்பறையில் நாம் செய்யக்கூடியது என்ன?

கடந்த ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது வாரம். தமிழ்வழியில் பயின்றதற்கான சான்று வாங்க முன்னாள் மாணவன் ஒருவன் வந்திருந்தான். தலைமையாசிரியர் கூட்டத்துக்குச் சென்றிருந்ததால், வரும்வரை அறிவியல் ஆய்வகத்தில் உட்காரச் சொன்னேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கள் பள்ளியில் படித்தவன். எட்டு முதல் பத்து வரை அவனுக்கு அறிவியல் நடத்தியவள் நான். இயந்திரப் பொறியியல் முடித்து ஓராண்டாகிறது. அவன் வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி.

வேலையைப் பற்றிக் கேட்டேன். “மூணு இன்டர்வியூ போனேன் மிஸ். மூணுலயும் எடுக்கல” என்றான். மூன்று இடங்களிலும் எழுத்துத் தேர்வில் தேறியிருக்கிறான். நேர்காணலில்தான் திரும்பி வந்திருக்கிறான்.

கடைசி நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். “டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாதே, எரிபொருள் எப்படிப் பத்துது?” என்று கேட்டிருக்கிறார்கள். “கம்ப்ரஷன் இக்னிஷன்” என்று சொல்லியிருக்கிறான். சரியான விடை. “சரி, அழுத்தினா ஏன் பத்தணும்?” என்று அடுத்துக் கேட்டிருக்கிறார்கள். தலையைக் குனிந்து பேசாமல் இருந்திருக்கிறான்.

“சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்போட அடிப்பக்கம் எப்படிடா இருக்கும்?” என்று கேட்டேன். “சுடும் மிஸ்” என்றான். அடுத்த நொடியே அவன் முகம் மாறியது. காற்றை விரைவாக அழுத்தினால் சூடாகும், டீசல் தானாகப் பற்றும் அளவுக்குச் சூடாகும் என்பதை அவனே சொல்லி முடித்தான். விடை அவனிடம் இருந்திருக்கிறது.

“அங்கேயும் தெரிஞ்ச வரைக்கும் சொல்லியிருக்கலாமே?” என்றேன். “முழுசா தெரியாம சொன்னா தப்பாயிடுமேன்னு இருந்துட்டேன் மிஸ். கிளாஸ்ல தெரியலன்னா எழுந்து நிக்கத்தானே சொல்வீங்க” என்றான். குறை சொல்லும் தொனியில் அவன் அதைச் சொல்லவில்லை. அது அவனுக்கு இயல்பான ஒன்றாக இருந்தது. எனக்குத்தான் அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

அதன்பிறகு எங்கள் பள்ளியில் படித்துப் பட்டம் பெற்ற பலரிடம் பேசினேன். அவர்கள் நேர்காணலில் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை கல்லூரியில் தோன்றியவை அல்ல. நம் வகுப்பறையில் ஒழுங்கு என்ற பெயரில் பழக்கப்பட்டவை. அவற்றையும், அவற்றைக் களைய நாம் செய்யக்கூடியவற்றையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

நேர்காணல் எதற்கு?

“அரசு வேலைக்குத்தான் இப்போதெல்லாம் நேர்காணல் இல்லையே” என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஓரளவு உண்மைதான். மத்திய அரசின் குரூப் சி, குரூப் டி பணிகளுக்கும், கெஜட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் நீக்கப்பட்டது. நம் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்விலும் நேர்காணல் இல்லை. ஆனால் குடிமைப் பணித் தேர்வில் மொத்தமுள்ள 2025 மதிப்பெண்களில் 275 நேர்காணலுக்கு உரியவை. தனியார் நிறுவனங்களிலோ நேர்காணல் இல்லாமல் வேலையே இல்லை. நம் மாணவர்களில் பெரும்பாலானோர் போகப்போவது அங்குதான்.

எழுத்துத் தேர்வு ஒருவருக்கு என்ன தெரியும் என்று பார்க்கிறது. நேர்காணலில் வேறு மூன்றைப் பார்க்கிறார்கள். தெரிந்ததை விளக்க முடிகிறதா? தெரியாததை எப்படி எதிர்கொள்கிறார்? இவரோடு சேர்ந்து வேலை செய்ய முடியுமா? இந்த மூன்றுக்கும் நாம் மதிப்பெண் போடுவதில்லை. அதனால் பயிற்சியும் தருவதில்லை.

பிழை 1: மனப்பாடம் செய்த தன்னறிமுகம்

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. பெயர், ஊர், அப்பா பெயர், அம்மா இல்லத்தரசி, ஒரு தம்பி, பொழுதுபோக்கு கிரிக்கெட் என்று ஒப்பிக்கிறார்கள். நடுவில் ஒரு சொல் மறந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். நம் மாணவனுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

கேட்பவருக்குக் குடும்ப விவரம் தேவையில்லை. என்ன படித்தேன், அதில் நானே செய்த ஒரு வேலை என்ன, இந்தப் பணிக்கு ஏன் வந்தேன் என்ற மூன்றும் போதும். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. “இயந்திரப் பொறியியல் முடித்தேன். இறுதியாண்டில் நான்கு பேர் சேர்ந்து நெல் உலர்த்தும் சிறு கருவி செய்தோம். அதில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பகுதி என் பொறுப்பு. முதல் முறை சூடு அதிகமாகி நெல் வெடித்தது. உணரியின் இடத்தை மாற்றியபின் சரியானது. தரப் பரிசோதனை வேலையில் எனக்கு ஆர்வம் வந்தது அப்படித்தான்.” இதில் அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கேட்பவருக்கு அடுத்து நான்கு கேள்வி கேட்கத் தோன்றும். அந்த நான்குக்கும் இவனுக்கு விடை தெரியும். இறுதியாண்டுச் செயல்திட்டத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வதும் இந்த இடத்தில்தான்.

வகுப்பறையில்: “எனது பள்ளி”, “எனது நண்பன்” ஆகியவற்றை எழுதி வந்து ஒப்பிக்கச் சொல்வதை நிறுத்திக்கொள்ளலாம். “இந்த வாரம் நானே செய்த ஒரு வேலை” பற்றி, தாள் இல்லாமல் ஒரு நிமிடம் பேசச் சொல்லலாம். ஆட்டுக்குத் தழை ஒடித்தது, தங்கைக்குத் தலை பின்னியது, மின்விசிறி கழற்றியது என்று எதுவாகவும் இருக்கலாம். செய்த வேலையைச் சொல்லும்போது சொற்களை மறக்க முடியாது.

பிழை 2: அடுத்தவர் எழுதிய தற்குறிப்பு

சீனியரின் ரெஸ்யூமை வாங்கி, பெயரை மட்டும் மாற்றி அனுப்புவது பரவலான வழக்கம். அதில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்வியாகத் திரும்பி வரும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. “புத்தகம் வாசிப்பது” என்று எழுதினால், கடைசியாக வாசித்த புத்தகம் எது என்று கேட்பார்கள். ஆட்டோகேட் தெரியும் என்று எழுதினால், எதை வரைந்தாய் என்று கேட்பார்கள். தெரியாததை நீக்கிவிட்டால் தற்குறிப்பு ஒரு பக்கத்துக்குள் வந்துவிடும். புதிய பட்டதாரிக்கு அதுவே போதும்.

பள்ளிக்காலத்தில் விளையாட்டாகத் தொடங்கிய மின்னஞ்சல் முகவரி, மாற்றிப்போன கைப்பேசி எண் ஆகியவற்றால் அழைப்பே வந்து சேராமல் போனவர்களும் உண்டு.

இதில் ஆசிரியர்களான நம் நேரடிப் பொறுப்பு ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், பட்டச் சான்றிதழில் முன்னெழுத்து முன்னால், வேறொன்றில் பின்னால் என்று இருந்தால், வேலை கிடைத்தபிறகு நடக்கும் சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல் வரும். இணையப் படிவங்களில் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று தனித்தனியே கேட்பதால் நம் ஊர் முன்னெழுத்துப் பழக்கம் மேலும் குழப்பத்தை உண்டாக்குகிறது. பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றை ஆதாருடன் ஒப்பிட்டு, பெற்றோரை அழைத்து ஒருமுறை படித்துக் காட்டினால் போதும். அன்று நாம் செலவிடும் 5 நிமிடம், பின்னாளில் அந்தப் பிள்ளை அலுவலகம் அலுவலகமாக அலைவதைத் தவிர்க்கும்.

பிழை 3: தெரியாதபோது மௌனம், அல்லது புளுகு

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். விடை தெரியாதபோது நம் மாணவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, தலையைக் குனிந்து மௌனமாகிறார்கள். இல்லையென்றால் வாயில் வந்ததை அடித்துவிடுகிறார்கள். மௌனமாக இருப்பவருக்கு எதுவுமே தெரியவில்லை என்று கேட்பவர் எண்ணுகிறார். அடித்துவிடுபவரை நம்ப முடியாது என்று எண்ணுகிறார். இரண்டாவது இன்னும் மோசம். தெரியாத ஓர் இயந்திரத்தைத் தெரியும் என்று சொல்லி இயக்குபவரை எந்தத் தொழிற்சாலையும் விரும்பாது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. “இது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் இதோடு தொடர்புடைய இது தெரியும். அதை வைத்துப் பார்த்தால் இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன்.” சைக்கிள் பம்ப் கதையை அவன் அங்கே சொல்லியிருந்தால் இந்த மூன்றாவது வழியாகத்தான் இருந்திருக்கும். வேலையில் சேர்ந்தபிறகு தினமும் தெரியாத ஒன்று எதிரே வந்து நிற்கும். அதை அணுகத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள்.

வகுப்பறையில்: தெரியாவிட்டால் எழுந்து நில் என்பதை நான் விட்டுவிட்டேன். இப்போது “எது வரைக்கும் தெரியும், அது வரைக்கும் சொல்” என்கிறேன். பிறகு “எந்த இடத்தில் நின்றுபோகிறது?” என்று கேட்கிறேன். தொடக்கத்தில் பிள்ளைகள் நம்பவில்லை. இது ஏதோ பொறி என்று நினைத்தார்கள். எனக்கே விடை தெரியாத கேள்வி ஒன்று ஒருநாள் வந்தது. “எனக்கும் தெரியல, நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்” என்று சொல்லி, மறுநாள் சொன்னேன். அதற்குப் பிறகுதான் வகுப்பு மாறியது. தெரியவில்லை என்று சொல்வதை மாணவர்கள் முதலில் நம்மிடமிருந்துதான் கற்கவேண்டும் போலும்.

பிழை 4: ஆங்கிலம்தான் தேர்வு என்று நினைப்பது

தமிழ்வழி மாணவர்களின் பெரும் பயம் இது. ஆங்கிலம் தேவைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பயத்தால் நீண்ட வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போய், பாதியில் உடைந்துபோகிறார்கள். ஆறேழு சொற்களுக்குள் முடியும் சிறு வாக்கியங்களில் பேசினால் இலக்கணப் பிழையும் குறையும், மூச்சும் வாங்காது.

குறைந்தது இரண்டு வாக்கியங்களாவது நாவில் நிற்க வேண்டும். ஒன்று, “குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் த கொஸ்டின்?” இன்னொன்று, “மே ஐ டேக் எ மொமன்ட் டு திங்க்?” கேள்வி புரியாமலே விடை சொல்லித் தோற்றவர்கள் ஏராளம். திரும்பக் கேட்பது தவறல்ல என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. வகுப்பில் நாம் “ஒரு தடவை சொன்னா புரியாதா?” என்று கேட்டுப் பழக்கியதன் விளைவு இது. ஆங்கில ஆசிரியர்கள் இவ்விரு வாக்கியங்களையும் ஆறாம் வகுப்பிலிருந்தே புழக்கத்துக்குக் கொண்டுவரலாம்.

மாணவர்கள் அறியவேண்டிய இன்னொரு செய்தி: குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதுபவர்கள் நேர்காணலையும் தமிழிலேயே எதிர்கொள்ள விருப்பம் தெரிவிக்கலாம். நாட்டின் மிக உயர்ந்த பணிகளுக்கான தேர்விலேயே அப்படி என்றால், மொழியை மட்டும் வைத்து அறிவை அளக்க முடியாது என்பது அவர்களுக்குப் புரியும்.

பிழை 5: பணிவும் தயக்கமும்

குனிந்த தலை, கட்டிய கை, தாழ்ந்த குரல் ஆகியவை நம் ஊரில் மரியாதையின் அடையாளங்கள். நேர்காணல் அறையில் அவை தன்னம்பிக்கைக் குறைவாகத் தெரிகின்றன. பெண் பிள்ளைகள் இதில் கூடுதலாக இழக்கிறார்கள். “சத்தமாப் பேசாதே” என்பதை வீட்டிலும் பள்ளியிலும் அவர்கள்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். மரியாதையைக் கைவிடச் சொல்லவில்லை. வணக்கம் சொல்லி, உட்காரச் சொன்னபின் உட்கார்ந்து, கேட்பவரின் முகத்தைப் பார்த்து, அறையின் கடைசி வரை கேட்கும் குரலில் பேசுவதும் மரியாதைதான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் வாய்ப்பை நன்றாகப் பேசும் நான்கு பேருக்கே கொடுக்காமல் வருகைப்பதிவேட்டு வரிசைப்படி கொடுத்தால், இந்தப் பயிற்சி எல்லோருக்கும் கிடைக்கும்.

பிழை 6: எதையும் கேட்காமல் வருவது

கடைசியில் “நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?” என்பார்கள். “நோ சார்” என்று எழுந்துவிடுகிறார்கள். என்ன வேலை, எந்த ஊரில், பயிற்சிக்காலம் எவ்வளவு, ஷிப்ட் உண்டா என்று கேட்பது உரிமை மட்டுமல்ல, அக்கறையின் அடையாளமும்கூட. அந்த நிறுவனம் எதைத் தயாரிக்கிறது என்றுகூடப் பார்க்காமல் போனவருக்குக் கேட்கவும் ஒன்றும் இருக்காது.

சம்பளத்தில் ஏமாற்றமடைபவர்களும் உண்டு. ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் மாதம் 25,000 கைக்கு வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். நிறுவனம் சொல்லும் மொத்தத் தொகையில் பெரும்பாலும் வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கும், பணிக்கொடையும் சேர்ந்திருக்கும். ஊழியரின் பங்காக அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 12 சதவீதம் வேறு பிடிக்கப்படும். சதவீதக் கணக்கு நடத்தும் கணித ஆசிரியர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எல்லாவற்றையும்விடக் கவனமாகச் சொல்லவேண்டியது இது: வேலை தர முன்பணம் கேட்பவரிடம் வேலை இல்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், சரிபார்த்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டு வரக் கூடாது. எத்தனை ஆண்டு கட்டாயம் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம் இருந்தால் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. வீட்டில் விசாரித்துச் சொல்ல ஆள் இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிகள்தான் இதில் சிக்குகிறார்கள். அவர்கள் வந்து கேட்கக்கூடிய இடமாகப் பள்ளி இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் செய்து பார்த்தது

2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் வழியாகக் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் கிடைக்கின்றன. பள்ளியிலும் உயர்கல்வி வழிகாட்டல் நடக்கிறது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் பேசாமல் இருக்கப் பழகிய பிள்ளையை இருபது வயதில் திடீரென்று பேசவைப்பது கடினம். அதனால் ஒன்பதாம் வகுப்பில் ஒரு சிறு முயற்சி செய்தோம்.

வகுப்பில் நூலகம், தோட்டம், ஆய்வகம், குடிநீர் ஆகியவற்றுக்குப் பொறுப்பாளர்களை வழக்கமாக ஆசிரியர்தான் நியமிப்பார். இப்போது விருப்பமுள்ளவர்கள் அரைப்பக்க விண்ணப்பம் எழுதித் தருகிறார்கள். மூன்று மாணவர்கள் கேள்வி கேட்கும் குழுவாக உட்காருவார்கள். “நூலகத்தில் ஒரு புத்தகம் காணாமல் போனால் என்ன செய்வாய்?”, “லீவு விட்டால் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?” என்பன போன்ற கேள்விகள். ஒருவருக்கு 5 நிமிடம். குழு மாதந்தோறும் மாறும்.

முதல் மாதம் தோல்விதான். வழக்கமாகப் பேசும் ஐந்து பேரே பேசினார்கள். ஒரு மாணவி பாதியில் அழுதுவிட்டாள். தவறு என்னுடையது, முன்னேற்பாடு இல்லாமல் அத்தனை பேர் நடுவில் நிறுத்தியிருக்கக் கூடாது. அடுத்த மாதம் கேள்விகளில் பாதியை முதல் நாளே கரும்பலகையில் எழுதிப்போட்டோம். பார்வையாளர்கள் இல்லாமல் ஆய்வகத்தில் நடத்தினோம். தேர்வு பெறாதவரிடம் குழு ஒரு நல்லதையும் திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தோம். அழுத மாணவிதான் இப்போது தோட்டப் பொறுப்பாளர். கேள்வி கேட்பவராக உட்கார்ந்தவர்களுக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால் கேட்பவருக்கு எவ்வளவு சங்கடம் என்பது அவர்களுக்குப் புரிந்தது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதை இன்னும் எளிதாகச் செய்யலாம். சத்துணவு சமைக்கும் அம்மாவையோ, கிராம சுகாதாரச் செவிலியரையோ மாதம் ஒருமுறை வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்கவிடலாம். “இவ்வளவு பேருக்கு உப்பு எப்படிப் பார்ப்பீங்க?” என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். பெரியவர் ஒருவரின் முகம் பார்த்துக் கேள்வி கேட்ட பிள்ளைக்கு, பின்னாளில் பெரியவர் கேட்கும் கேள்வி அவ்வளவாக அச்சம் தராது.

பாடம் முடிக்க வேண்டும், தேர்வு நடத்த வேண்டும், எமிஸ் பதிவுகள் வேறு. இதற்கு நேரம் ஏது என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. தனிப் பாடவேளை எதுவும் வேண்டாம். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை நாம் ஏற்கெனவே கேட்கும் கேள்விகளை வேறு விதமாகக் கேட்பது மட்டுமே.

அந்த மாணவன் அதன்பிறகு மூன்று சனிக்கிழமைகள் பள்ளிக்கு வந்தான். ஆய்வகத்தில் நானும் கணித ஆசிரியரும் கேள்வி கேட்டோம். அடுத்து அவன் போன நேர்காணலிலும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் அன்று மாலை அவன் பேசியபோது குரலில் வருத்தம் இல்லை. “ஒரு கேள்விக்குத் தெரியலைன்னு சொல்லிட்டு, தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன் மிஸ். சரின்னு தலையாட்டிட்டு அடுத்த கேள்வி கேட்டாங்க” என்றான். அதற்கடுத்த நேர்காணலில் தேர்வாகி, இப்போது ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் பயிற்சியாளராக இருக்கிறான்.

இவற்றை அவன் எட்டாம் வகுப்பில் இருந்தபோதே நான் பழக்கியிருக்கலாம். இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.